எலுமிச்சம்பழத்துக்குப் புதுத்தோல்

பின்லாந்து நாட்டில் ஓர் எஃகு உருளையைக் கடைந்து தரும்படி கேட்டால், கேட்டவருடைய பெயரைப் பட்டியலில் எழுதிக்கொண்டு, பதினொரு வாரம் கழித்து வரச் சொல்வார்கள். அதையும் மிக மெல்லிய குரலில், கேட்பவர் மனம் நோகக் கூடாதே என்ற கவலையோடு சொல்வார்கள். என் கையில் இருந்தவை ஐந்தே வாரங்கள். நான் சங்கரன்கோவிலுக்குப் போன கதை இந்த இரண்டு எண்களுக்கும் இடையில் தொடங்குகிறது.

என் தொழில் இன்னதென்று முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. முழுவதும் சொல்லாமல் விட்டதால் பட்ட பாடு பின்னால் வருகிறது. தீக்காயம் பட்டவர்களுக்குப் புதுத்தோல் வளர்வதற்குச் சாரம் கட்டுவது என் வேலை. தோலின் உயிரணுக்கள் பாகற்கொடியைப் போன்றவை. பற்றிப் படர அவற்றுக்கு ஒரு பந்தல் வேண்டும். தலைமுடி ஒன்றை நீளவாக்கில் சில நூறு கூறாகப் பிளந்தால் எவ்வளவு மெல்லியதாக இருக்குமோ அவ்வளவு மெல்லிய இழையால் அந்தப் பந்தலை அமைக்க வேண்டும். பசை போன்ற ஒரு கரைசலை ஊசிக்குழலில் நிரப்பி, ஊசியின் முனைக்கு மிகுந்த மின்னழுத்தம் கொடுத்தால், கரைசல் இழையாகப் பறந்துபோய் எதிரே சுழலும் உருளையின்மேல் படியும். படிந்த படலத்தை உரித்தெடுக்க வேண்டும்.

இந்த உரித்தெடுத்தலில்தான் என் மூன்றாண்டு உழைப்பு சிக்கிக்கொண்டிருந்தது. இடுக்கியால் உரித்தேன், கிழிந்தது. நீரில் நனைத்து உரித்தேன்; கிழிந்தது. மூச்சை அடக்கிக்கொண்டு உரித்தேன். அப்போதும் கிழிந்தது, எனக்கும் தலை சுற்றியது.

என் பேராசிரியை ஒருநாள் என் மேசைக்கு வந்து நின்றார். "கிழியாத துண்டு ஒன்று. ஆய்வுக்குழு கூடும் நாளில் மேசைமேல் இருக்கட்டும். இல்லையேல் இந்த ஆய்வை மூடிவிடலாம்" என்றார். பின்லாந்து வழக்கப்படி அது ஒரு நீண்ட சொற்பொழிவு.

உருளையின் சொரசொரப்பே குற்றவாளி என்பது என் முடிவு. கண்ணாடிபோல் வழவழப்பான உருளை கிடைத்தால் படலம் தானே கழன்று வரும் என்று நம்பினேன். அடுத்த மேசையில் இருக்கும் நண்பர் கடையநல்லூர்க்காரர். அவர் சொன்னார்: "எங்க பக்கத்துல, சங்கரன்கோவில்ல ஒரு லேத்து அண்ணாச்சி இருக்காக. தறிக்கு உருளை கடைவாக. மூஞ்சி பாத்துத் தல சீவலாம், அப்படி இருக்கும். நாலே நாள்ல முடிச்சுத் தருவாக. ஒண்ணே ஒண்ணு, அவுக பூசையில மட்டும் தலையிடாதீய."

நான் காவிரிக் கரையில் பிறந்தவள். நெல்லைச் சீமை எனக்கும் ஏறத்தாழ வெளிநாடே. விடுப்பும் பயணச்சீட்டும் கிடைக்க இரண்டரை வாரம் ஆயிற்று. கருவிகளை ஒரு பெட்டியில் அடைத்துக்கொண்டு புறப்பட்டேன்.

முதல் நாள், ஞாயிற்றுக்கிழமை. சங்கரன்கோவிலுக்குச் செல்லும் பேருந்தில் என் பெட்டியைத் தூக்கிப் பார்த்த நடத்துநர், "என்னம்மா இது, அம்மிக்கல்லா?" என்று கேட்டார். உண்மை பேசுவது என் வழக்கம். "செயற்கைத் தோல் செய்யும் கருவி" என்றேன்.

அடுத்த நொடியில் முன்னிருக்கைக்கு மேலே ஒரு முழங்கை எழுந்தது. ராயகிரியிலிருந்து வரும் ஓர் அம்மாளுடைய முழங்கை அது. "தாயி, இந்தப் படையக் கொஞ்சம் பாருங்க. ஆறு மாசமாப் போகவே மாட்டேங்கு."

சங்கரன்கோவிலுக்கு இருக்கும் பெயரை நான் மறந்துபோயிருந்தேன். தோல்நோய் உள்ளவர்கள் எங்கெங்கிருந்தோ அந்தக் கோயிலுக்கு வந்து புற்றுமண் பூசிக்கொண்டு போவார்கள். அவ்வூர்ப் பேருந்தில் ஒருத்தி தோல் செய்யும் கருவியோடு ஏறினால் அவளை யாரென்று நினைப்பார்கள்?

"அம்மா, நான் மருத்துவர் அல்லேன்" என்றேன்.

"எல்லாரும் மொதல்ல அப்படித்தான் சொல்லுதாக" என்றார் அவர். முழங்கை இறங்கவில்லை.

பேருந்து ஊரை அடைவதற்குள் நான் ஐந்து முழங்கைகளையும், இரண்டு கழுத்துகளையும், நடத்துநருடைய கணுக்கால் ஒன்றையும் பார்வையிட்டிருந்தேன். அனைவருக்கும் ஒரே அறிவுரையைச் சொன்னேன்: நல்ல தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். "இவுக கைராசிக்காரி. தானே பாக்காம பெரிய டாக்டர்ட்ட அனுப்புதாக பாரு" என்று பின்னிருக்கையில் ஒருவர் மெச்சிக்கொண்டார். பின்லாந்தில் நான் நான்காண்டுகளாகப் பேருந்தில் போகிறேன். இதுவரை ஒருவர்தான் என்னிடம் பேசியிருக்கிறார். "உங்கள் கையுறை கீழே விழுந்துவிட்டது" என்றார். மறுநாள் என்னைப் பார்த்ததும், அவ்வளவு பேசிவிட்டதற்கு வருந்தியவர்போல வேறு இருக்கைக்குப் போய்விட்டார்.

பகலுணவுக்குப் பிரியாணிக் கடை ஒன்றில் நுழைந்தேன். சீரகச் சம்பாச் சோறு, மென்மையான ஆட்டுக்கறி. வாழையிலையிலிருந்து எழுந்த ஆவியில் என் மூக்குக்கண்ணாடி மங்கியது. நான்காண்டுகளாக அவித்த உருளைக்கிழங்கைத் தின்று அடங்கியிருந்த நாக்கு திடீரென்று கண்விழித்தது. மறுசோறு கேட்க வாயெடுத்தேன். அதற்குள், பேருந்துச் செய்தி எட்டிவிட்ட பரிமாறுபவர் குனிந்து, மெல்லிய குரலில், "டாக்டரம்மா, விரலிடுக்குல வருது பாருங்க, அதுக்கு என்ன போடலாம்?" என்று அந்த விரல்களை இலைக்கு மேலேயே விரித்துக் காட்டினார். மறுசோறு கேட்கவில்லை.

இரண்டாம் நாள் காலையில் பட்டறைக்குச் சென்றேன். சுடலைமுத்து அண்ணாச்சி ஐம்பதைக் கடந்தவர். காதில் பென்சில், மூக்கின் நுனியில் கண்ணாடி. என் வரைபடத்தை வாங்கி நேராகவும் தலைகீழாகவும் பார்த்தார். பட்டறை வாசலில் அவர் மனைவி கோமதி அக்கா சர்பத் கடை வைத்திருந்தார். நன்னாரிப் பாகு, பனிக்கட்டி, ஒரு கூடை எலுமிச்சை. யாரிடம் பேசினாலும் அவருடைய உள்ளங்கை ஓர் எலுமிச்சம்பழத்தைப் பலகையின்மேல் உருட்டிக்கொண்டே இருக்கும். அப்படி உருட்டினால்தான் உள்ளே சாறு இளகும் என்றார்.

பட்டறைக்குள் கிடந்த விசிப்பலகையில் மைதீன் பாய் அமர்ந்திருந்தார். பஞ்சுபோல வெளுத்த தாடி. நான்கு விசைத்தறிகளுக்கு உரிமையாளர். அவற்றுள் ஒன்று உடைந்து நிற்கிறது. அதற்குரிய பல்சக்கரத்துக்காக அவர் ஒன்பது நாளாகக் காத்திருக்கிறார். காத்திருப்பவருக்குக் கருத்துச் சொல்லும் உரிமை தானே வந்துவிடுகிறது.

"எந்தத் தறிக்கு மேடம் இந்த உருளை?" என்று கேட்டார் அண்ணாச்சி.

பாகற்கொடி, பந்தல், தீக்காயம் எல்லாவற்றையும் விளக்கினேன். அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"வே சுடலை" என்றார் மைதீன் பாய். "எந் தறி நின்னு ஒம்போது நாளாச்சு. நீரு மனுசத் தோலு நெய்யக் கெளம்பிட்டீரு."

"உம்ம தறி துண்டு நெய்யுது பாய். இது தோலு நெய்யுது. எது முந்தி, நீரே சொல்லும்."

"துண்டு இல்லன்னா அந்தத் தோல எத வச்சு வே தொடைப்பீரு?"

அண்ணாச்சி வரைபடத்தில் ஓரிடத்தைப் பென்சிலால் தட்டினார். உருளையின் விளிம்போடு அச்சு முடிய வேண்டும் என்று நான் குறித்திருந்த இடம் அது. "இங்கன ஒரு சாண் வெளிய விடுதேன்" என்றார்.

"வேண்டாம் அண்ணாச்சி. படத்தில் அளவு துல்லியமாக இருக்கிறது."

"படம் பேப்பர்ல இருக்கும். உருளை எங்கையிலல்லா இருக்கும்? எந்த உருளைக்கும் ஒரு சாண் வெளிய விடணும் மேடம். நாளப்பின்ன எதையாச்சும் மாட்ட வேண்டி வரும்."

"எதை மாட்ட?"

"அது நாளப்பின்னதானே தெரியும்?"

நான் படித்த அறிவியலைப் பெட்டியில் வைத்துவிட்டு, படத்தில் ஒரு சாண் கூட்டிக் கொடுத்தேன்.

மூன்றாம் நாள் உருளை ஆயத்தமாகிவிட்டது. பின்லாந்தின் பதினொரு வாரம் சங்கரன்கோவிலில் ஒன்றரை நாள். அதில் என் முகம் தெரிந்தது. நேற்றைய வெயிலில் கழுத்தெல்லாம் அரும்பியிருந்த வேர்க்குருவும் தெரிந்தது. உடனே ஓட்டிப் பார்க்கலாம் என்று பெட்டியைத் திறந்தேன்.

"இன்னைக்குச் செவ்வாக்கெழமை" என்றார் அண்ணாச்சி. "புது மெசினு இன்னைக்கு ஓடாது."

"நாளை மறுநாள் நான் திரும்ப வேண்டும்."

"நாளைக்குப் புதன். அருமையா ஓடும்."

தலையிடாதீய என்ற நண்பரின் எச்சரிக்கை நினைவுக்கு வந்தது. பெட்டியை மூடினேன். கோமதி அக்கா என் கழுத்தைப் பார்த்து, "என்ன இப்படிக் கெடக்கு? வாங்க கோயிலுக்கு" என்று கையைப் பிடித்து இழுத்துச் சென்றார். தோல் பற்றிய ஆய்வில் பட்டம் பெற்றவளாகிய நான், அந்த மாலைப்பொழுது முழுவதும் கழுத்தில் புற்றுமண் பூசிக்கொண்டு, மல்லிகைப்பூக் கடைகளின் ஊடே நடந்தேன். "டாக்டரம்மாவே பூசிருக்காக" என்று ஒருத்தி இன்னொருத்தியிடம் சொன்னது காதில் விழுந்தது. மறுநாள் காலையில் வேர்க்குரு என்னவாயிற்று என்பதைப் பற்றிக் கட்டுரை எழுதும் எண்ணம் எனக்கு இல்லை.

நான்காம் நாள். உருளையை ஏற்றி, ஊசிக்குழலை நிரப்பி, மின்கருவியை இணைத்தேன். பட்டறை மேசையின் பாதியை மைதீன் பாயின் பல்சக்கரம், இன்னும் பல் வெட்டாத இரும்புத் துண்டாக, அடைத்துக்கொண்டிருந்தது. ஆகவே ஊசியை, அண்ணாச்சி கூடுதலாக விட்ட அந்த ஒரு சாண் அச்சுக்குப் பக்கமாகவே நிறுத்த நேர்ந்தது. மின்னழுத்தம் ஆளைக் கொல்லக்கூடியது என்பதால் தரையில் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு கோடு போட்டு, அதைத் தாண்டக் கூடாது என்று அனைவருக்கும் சொன்னேன். கரைசலின் புளித்த நெடி பட்டறையை நிறைத்தது.

"ஊறுகாப் பானையத் தொறந்த மாதிரில்லா இருக்கு" என்றார் கோமதி அக்கா.

எல்லாம் பொருத்தி முடிக்க மாலை நாலரை ஆகிவிட்டது. விசையை அழுத்தக் கை நீட்டினேன். "நில்லுங்க நில்லுங்க" என்றார் அண்ணாச்சி. "ஏட்டி கோமதி, பழம் எடு."

கோமதி அக்கா கூடையிலிருந்து நல்ல பழமாக ஒன்றை எடுத்தார். கணவரிடம் கொடுப்பதற்கு முன் கைப்பழக்கத்தில் பலகையின்மேல் நாலு முறை உருட்டினார். அண்ணாச்சி பழம் முழுவதும் ஈரச் சந்தனத்தைத் தாராளமாகப் பூசினார். மேலே குங்குமம் வைத்தார். அச்சின் வெளியே நீட்டிக்கொண்டிருந்த கூர்முனையில் அதைச் செருகினார். ஒரு சாண் எதற்கு என்பது அப்போது விளங்கியது.

"அண்ணாச்சி, இந்தப் பழம் வேண்டாமே. மின்புலம் கலையும்."

"மொத ஓட்டம் பழம் இல்லாம ஓடாது மேடம். நா லேத்து வச்ச நாள்லேந்து இப்படித்தான். ஓடி முடிஞ்சதும் பழத்த எடுத்து, பொழுது அடையும் முன்ன வண்டிச் சக்கரத்துல குடுத்து நசுக்கிருவோம். அதோட மெசினு மேல இருந்த கண்ணேறு போயிரும்."

தலையிடவில்லை. விசையை அழுத்தினேன். உருளை மெல்லச் சுழன்றது, எலுமிச்சம்பழமும் சுழன்றது. ஊசி முனையில் ஒரு துளி நடுங்கிக் கூம்பாகி மறைந்தது. இழை பறக்கத் தொடங்கிவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம்.

கால் மணி நேரம் கழிந்தது. உருளையில் ஒன்றுமில்லை. அரை மணி நேரம். உருளையில் என் முகம் மட்டுமே தெரிந்தது, அதுவும் வரவரக் கோணலாக. கரைசலோ குறைந்துகொண்டே வந்தது. எங்கே போகிறது அது? வழிதவறிய சில இழைகள் காற்றில் மிதந்துவந்து கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்ற மைதீன் பாயின் தாடியில் ஒட்டிக்கொண்டன.

"ஏற்கெனவே நரச்சதுதான், பரவால்ல" என்று அவர் தடவிவிட்டுக்கொண்டார்.

ஒரு மணி நேரம் ஆயிற்று. கரைசல் தீரும் நிலை. குழு கூட இரண்டு வாரம் இருந்தது. ஊசியையும் உருளையையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டு, பேராசிரியையிடம் சொல்ல வேண்டிய வாக்கியத்தை மனத்துக்குள் அமைத்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு சுருக்கினாலும் அது அழுகையில்தான் முடிந்தது.

அப்போது வாசலிலிருந்து எட்டிப்பார்த்த கோமதி அக்கா, "அய்ய, பழத்துக்கு நரையா வுழுந்திருக்கு?" என்றார்.

பார்த்தேன். அச்சின் முனையில் சுழன்றுகொண்டிருந்தது எலுமிச்சம்பழமாகத் தோன்றவில்லை. வெள்ளைப் பட்டில் தைத்த சட்டையைப் போட்டுக்கொண்ட ஏதோ ஒன்றாக இருந்தது. ஈரச் சந்தனம் மின்சாரத்தைக் கடத்தும். பழம் அச்சில் குத்தியிருந்தது. ஊசிக்கு மிக அருகில் இருந்தது. பறந்த இழைகள் கண்ணாடிபோன்ற உருளையைத் திரும்பிக்கூடப் பாராமல், அத்தனையும் பழத்தின்மேல் போய்ப் படிந்திருந்தன. மூன்றாண்டுகளில் நான் கண்ட மிகச் சீரான படலம் அது. ஓட்டையில்லை, முடிச்சில்லை, சுருக்கமில்லை.

மின்சாரத்தை நிறுத்தி, தேங்கிய மின்னை மண்ணுக்கு இறக்கி, பழத்தைக் கழற்றினேன்.

"குடுங்க இங்கன" என்றார் அண்ணாச்சி. "பாய், உம்ம மொபெட்ட எடும். நசுக்கிருவோம்."

"ஐயோ!" என்று நான் போட்ட கூச்சலில் தெருவில் போன ஆட்டுக்குட்டி ஒன்று துள்ளி ஓடியது. பழத்தை இரு கைகளாலும் மூடிக்கொண்டேன். "அண்ணாச்சி, இதுதான் தோல். இதற்காகத்தான் வந்தேன். உருளையை வேண்டுமானால் நசுக்குங்கள்."

அண்ணாச்சியின் முகம் மாறிவிட்டது. "மேடம், நீங்க படிச்சவுக. ஒங்கள மதிக்கேன். ஆனா பழம் நசுக்காம எம் பட்டறைலேந்து ஒரு மெசினும் வெளிய போனதில்ல. பொழுது அடையப் போவுது. நசுக்கலன்னா அந்த உருளை போற எடத்துல ஓடாது. ஓடலன்னா சுடலைமுத்து கடஞ்சது ஓடலம்பாக."

அவருக்கு அவருடைய பெயர். எனக்கு என்னுடைய மூன்றாண்டு. இரண்டும் ஓர் எலுமிச்சம்பழத்தில் இருந்தன. கதிரவனோ மேற்கு மலைப்பக்கம் அவசரமாக இறங்கிக்கொண்டிருந்தான்.

மைதீன் பாய் விசிப்பலகையில் காலை மடக்கி உட்கார்ந்தார். "வே சுடலை, நசுக்க வேண்டியது எதை?"

"பழத்த."

"பழம்னா எது? மேல கெடக்க வெள்ளைச் சட்டையா? அது காலைல இல்லயே வே. பூசை உம்முது. பழம் கோமதியுது. சட்டை டாக்டரம்மாவுது. அவுகவுக பொருள அவுகவுக எடுத்துக்கிடுங்க. வழக்கு முடிஞ்சுது. அடுத்த வழக்கு எம் பல்சக்கரம்."

"சட்டையை உரித்தால் கிழிந்துவிடும் பாய்" என்றேன். "மூன்றாண்டாக அதுதான் என் தொல்லை."

கோமதி அக்கா பழத்தை என் கையிலிருந்து வாங்காமல், குனிந்து, அச்சு குத்திய துளையைப் பார்த்தார். "சட்டைய எதுக்கு உரிக்கீய?" என்றார். "உள்ள இருக்க ஆள ஒல்லியாக்குங்க. சட்டை தன்னால தொளதொளன்னு ஆயிரும்லா."

பிறகு என் பெட்டியில் கிடந்த ஊசிக்குழலைக் காட்டினார்.

"சாற உறிஞ்சி எடுங்கம்மா. அதான் இவ்வளவு பெரிய ஊசி கொண்டாந்திருக்கீயள்லா? உருட்டுன பழந்தான். சாறு உள்ள இளகித்தான் கெடக்கும்."

கழுவிய புது ஊசிக்குழல் ஒன்றை எடுத்து, அச்சுத் துளை வழியே நுழைத்து இழுத்தேன். சாறு வந்தது. மறுபடியும் இழுத்தேன். உலகில் எந்த மருத்துவரும் நோயாளியிடமிருந்து அவ்வளவு கவனமாகக் குருதி எடுத்திருக்க மாட்டார். பழம் மெல்லக் குழிந்தது, கன்னம் ஒட்டியது. வெள்ளைச் சட்டை குழியவில்லை, அப்படியே நின்றது. சவர அலகால் துளையைச் சுற்றிச் சட்டையில் ஒரு வட்டம் அறுத்தேன். கோமதி அக்கா இரண்டு விரல்களால் பழத்தின் துளைப் பக்கத்தைப் பிடித்து ஒரு திருகு திருகினார். வாடிய பழம் வெளியே வந்தது.

சட்டை என் உள்ளங்கையில் இருந்தது. சின்னக் குல்லாய்போல, வெண்மையாக, உட்புறத்தில் ஆங்காங்கே குங்குமச் சாயத்தோடு. அதை விளக்கில் காட்டித் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒரு கிழிசல்கூட இல்லை.

மைதீன் பாய், "டாக்டரம்மா அழுதாகளா சிரிக்காகளா?" என்று கேட்டார். "ரெண்டுந்தான். சும்மா இரும்" என்றார் அண்ணாச்சி.

வாடிய பழத்தைத் தெருவில் வைத்தோம். மைதீன் பாய் மொபெட்டை உதைத்துக் கிளப்பி அதன்மேல் ஏற்றினார். சாறெல்லாம் ஊசிக்குழலில் இருந்ததால், 'சப்' என்று ஓர் ஏமாற்ற ஒலிதான் வந்தது. ஆனாலும் கதிரவன் அடையவில்லை; நசுங்கியது நசுங்கியதுதான். அண்ணாச்சி நிறைவோடு கை தட்டித் தூசு போக்கினார். கோமதி அக்கா கூடையிலிருந்து வேறு பழம் எடுத்து உருட்டிப் பிழிந்து சர்பத் கொடுத்தார். அந்தச் சுவையை எழுத எனக்கு வல்லமை போதாது. இரண்டு குவளை குடித்தேன் என்று மட்டும் எழுதுகிறேன்.

ஐந்தாம் நாள் ஊர் திரும்பும் பேருந்தில் அதே நடத்துநர். "கணுக்கால் கொஞ்சம் பரவால்ல டாக்டரம்மா" என்றார். நான் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல வாயெடுத்து, மூடிக்கொண்டேன். மடியில் தகரச் சிமிழொன்றில் எலுமிச்சம்பழத்தின் சட்டை இருந்தது.

ஆய்வுக்குழு கூடிய நாளில் அதை மேசைமேல் வைத்தேன். உறுப்பினர் ஒருவர் கையுறையணிந்து, அதைத் தம்முடைய விரல்முட்டியின்மேல் கவிழ்த்துப் பார்த்தார். தட்டையான படலம் மூட்டுகளில் வைத்தால் சுருங்கும்; இதுவோ அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்தியது. அவர் முட்டியை மடக்கினார், நீட்டினார், மடக்கினார். ஒன்றும் சொல்லவில்லை. நெடுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. அந்நாட்டில் அது கைதட்டல். பின்பு என் பேராசிரியை வாய் திறந்தார்: "நாளை எங்கள் முன்னிலையில் இன்னொரு முறை செய்யுங்கள்."

மறுநாள், அங்காடியில் வாங்கிய எலுமிச்சைகளோடு ஆய்வகத்தில் நின்றேன். மஞ்சள் மஞ்சளாக, பளபளவென்று, படத்தில் வரைந்தவைபோல. அச்சில் ஒன்றைச் செருகி விசையை அழுத்தினேன். இழைகள் அதைத் தொடவே மறுத்தன. அரை மணி நேரம் கழித்தும் பழம் மஞ்சளாகவே சிரித்தது. குழுவினர் தத்தம் காலணிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "ஐந்து நிமிடம்" என்று கேட்டுக்கொண்டு நடைவழிக்கு ஓடிச் சங்கரன்கோவிலுக்குத் தொலைபேசினேன்.

"பழம் எப்படி இருக்கு?" என்று கேட்டார் அண்ணாச்சி.

"பளபளவென்று இருக்கிறது அண்ணாச்சி."

"பழம் எதுக்கு மேடம் பளபளங்கு? மெழுகு தடவிருப்பாக. வெந்நில கழுவுங்க. சந்தனம் வச்சீயளா?"

"சந்தனமா?" என்றேன்.

"சந்தனம் வைக்காமலா ஓட்டுனீய?" அவருடைய குரலில், பிள்ளையார் சுழி போடாமல் தேர்வெழுதியவனைப் பார்த்த ஆசிரியரின் அதிர்ச்சி இருந்தது. பின்னாலிருந்து இன்னொரு குரல் கேட்டது: "யாரு வே போன்ல, தோலா? அப்பம் எம் பல்சக்கரம்?"

என் கைப்பையின் அடியில், கோயிலில் வாங்கிய ஒரு சந்தன வில்லையும் குங்குமப் பொட்டலமும் கிடந்தன. வெந்நீரில் பழத்தைக் கழுவி, சந்தனத்தைக் குழைத்து முழுவதும் பூசினேன். எதுவும் விட்டுப்போகாமலிருக்கக் குங்குமமும் வைத்தேன். அப்போதுதான் கோமதி அக்காவின் உருட்டல் விட்டுப்போனது நினைவுக்கு வந்தது. பூசிய பழத்தை உருட்ட முடியாது என்பதால், இன்னொன்றைக் கழுவி, மேசையின்மேல் நாலு முறை உருட்டி, பூசி, பொட்டு வைத்து, அதையே செருகினேன். குழுவினர் அனைவரும் குறிப்பெடுத்தார்கள். ஒருவர் மட்டும் கை உயர்த்தி, "சிவப்புப் பொட்டு எத்தனை?" என்று கேட்டார். "ஒன்று போதும்" என்றேன்.

ஒரு மணி நேரத்தில் பழம் வெள்ளைச் சட்டை அணிந்துகொண்டது. ஊசிக்குழலால் சாற்றை உறிஞ்சினேன், அறுத்தேன், திருகினேன். கிழியாமல் வந்தது. ஆய்வு தொடரும் என்று தாளில் எழுதிக் கையொப்பமிட்டுவிட்டு, குழுவினர் ஒவ்வொருவராகத் தலையசைத்து வெளியேறினர்.

செய்முறையை ஒரு வரியும் விடாமல் எழுதித் தர வேண்டும் என்று பேராசிரியை கேட்டிருந்தார். எழுதிக் கொடுத்தேன். படித்துக்கொண்டே வந்தவர் கடைசி வரியில் நின்றார். வாடிய பழத்தை, கதிரவன் அடையும் முன், சக்கரத்தில் இட்டு நசுக்க வேண்டும் என்று அதில் இருந்தது.

"இது தேவையா?" என்று கேட்டார்.

"இதைச் செய்யாமல் ஓட்டிப் பார்த்தது இல்லை" என்றேன். அது உண்மை.

செய்முறையில் ஒரு படியைக் காரணமின்றி நீக்கக் கூடாது என்பது அவர் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது. சன்னலுக்கு வெளியே பார்த்தார். அந்நாட்டுக் கோடையில் கதிரவன் அடைவதற்கு அவசரப்படுவதே இல்லை. ஆற அமர நடந்து போகலாம். போனோம். வாசலில் வாடிய எலுமிச்சம்பழத்தைக் கல்தளத்தில் வைத்தேன். பேராசிரியை தம் மிதிவண்டியைக் கொண்டுவந்து, கைப்பிடியைப் பற்றி, மிகத் துல்லியமாக அதன்மேல் உருட்டினார். சப் என்றது.

பிறகு அப்படியே நின்று, பழம் முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவில் கிடக்க, முகத்தில் சிரிப்பின் சாயல்கூட இல்லாமல் என்னைக் கேட்டார்: "பின்சக்கரமும் ஏற வேண்டுமா?"

"தெரியவில்லை. சுடலைமுத்து அண்ணாச்சியைத்தான் கேட்க வேண்டும்."

"கேளுங்கள்" என்றவர், மிதிவண்டியை அசைக்காமல் பிடித்துக்கொண்டு, நான் தொலைபேசியை எடுக்கும்வரை காத்திருந்தார்.